டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டியில் போல்ட், நட்டு முடுக்குவது எப்படி: சேலம், ஏற்காடு ஓட்டுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

10 நம்பர் ரிங் ஸ்பேனரின் நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். அதை வைத்து ஒரு 6 மில்லி போல்ட்டை முடுக்கக் கையில் தேவைப்படும் இழுப்பு ஏழு கிலோவுக்குள்தான். அதே போல்ட்டில் 30 சென்டிமீட்டர் ராட்செட்டை மாட்டினால் மூன்றரைக் கிலோ போதும், இரண்டு விரலால் இழுத்தாலே வந்துவிடும். பட்டறையில் "மரை போச்சு" என்று கேட்கும் கதையில் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கும். போல்ட் சின்னது, பிடி நீளமானது, பிடித்த கை பலமானது.

மண் தடத்தில் பாய்ந்து ஓடும் மோட்டோகிராஸ் வண்டியில் இது இன்னும் கூர்மை. ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கின் அதிர்வு எதையும் சும்மா இருக்க விடாது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் கூடுதலாக முடுக்குகிறோம், அலுமினிய மரை சுருண்டு வருகிறது. அளவோடும் வரிசையோடும் முடுக்கினால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

போல்ட் எதனால் பிடிக்கிறது

போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். முடுக்கும்போது அது மயிரிழை அளவு நீள்கிறது, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் இழுப்பில்தான் இரண்டு பாகமும் ஒன்றாக நிற்கின்றன. 6 மில்லி போல்ட்டை 10 நியூட்டன் மீட்டருக்கு (திருப்பும் விசையின் அலகு, இனி நி.மீ.) முடுக்கினால் அது சுமார் 850 கிலோ இழுப்பில் நிற்கும். எண்ணெய் படாத மரைக்கு இந்தக் கணக்கு. எண்ணெய் பட்ட மரையில் அதே 10 நி.மீ. கொடுத்தால் இழுப்பு 1,100 கிலோவைத் தாண்டிவிடும்.

கொடுக்கும் விசையில் பாதி போல்ட் தலைக்கடியில் உராய்வாகப் போகிறது, ஏறக்குறைய 40 சதவீதம் மரையில் போகிறது. மிச்சம் இருக்கும் பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் பாகத்தைப் பிடிக்கிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலே பிடிப்பு பெரிதாக மாறிவிடும். அதனால்தான் டார்க் ரெஞ்ச் (திருப்பும் விசையை அளந்து முடுக்கும் கருவி) காட்டும் எண்ணைவிட மரை எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறோம். மண் அடைத்த மரையில் ரெஞ்ச் "க்ளிக்" என்றால் முடுக்கியது மண்ணைத்தான்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட சோதனைகள் காட்டியது வேறு: பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கி ஆடும்போதுதான் நட்டு தானாகச் சுழன்று கழல்கிறது. போதுமான இழுப்பு இருந்தால் வழுக்கல் இல்லை, வழுக்கல் இல்லையென்றால் கழலாது. வண்டியோடு வந்த ஸ்பிரிங் வாஷரை எடுத்த இடத்தில் திரும்பப் போடுங்கள். ஆனால் அது காவல் காக்கும் என்று நம்பி முடுக்கும் அளவைக் குறைக்காதீர்கள்.

கருவியும், கடையில் வாங்கும் போல்ட்டும்

செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடையில் வாங்கும் சாதாரண ஸ்பேனர் செட்டில் 13, 17 இருக்கும். ஜப்பான் வண்டியில் 8 மில்லி போல்ட்டின் தலை பெரும்பாலும் 12, 10 மில்லி போல்ட்டின் தலை 14. இந்த இரண்டு சாக்கெட்டும் தனியாக வாங்க வேண்டியிருக்கலாம். கேடிஎம் வண்டியில் 8, 10, 13 சாக்கெட்டுகளும் டார்க்ஸ் பிட்டுகளும் வேண்டும். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் தேய்ந்த தலையை உருட்டிவிடும்.

ஜப்பான் வண்டிகளில் கார்புரேட்டர், மாஸ்டர் சிலிண்டர் மூடியில் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூவில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அது ஜேஐஎஸ் வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராது, திருப்பும்போது மேலே ஏறித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று வாங்கிவிட்டால் அந்தத் தலைவலி தீரும்.

மாற்று போல்ட் வாங்கும்போது பிட்ச் பாருங்கள், அதாவது மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளி. கடையில் கிடைக்கும் 10 மில்லி போல்ட் 1.5 பிட்ச். ஜப்பான் வண்டியில் பெரும்பாலான 10 மில்லி போல்ட் 1.25 பிட்ச். தவறான போல்ட் இரண்டு மூன்று சுற்று சுலபமாகப் போய்ப் பிறகு பிடிக்கும். "உள்ளே தூசி" என்று நினைத்து ஸ்பேனர் போட்டால் கிராங்க் கேஸின் (என்ஜினின் அடிப்பெட்டி) மரை முடிந்தது. எந்தப் போல்ட்டாக இருந்தாலும் முதல் ஐந்தாறு சுற்று கைவிரலில் போக வேண்டும். போகவில்லையென்றால் கழற்றி, பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் பிட்ச் வேறு.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். சேலத்துக்காரர்களுக்கு அதன் மேல் ஒரு தனிப் பாசம், உருக்காலை இருக்கும் ஊர். ஆனால் நம் உருக்காலையின் பெயர் தகட்டால் வந்தது, போல்ட்டால் அல்ல. கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் நீளத் தொடங்கும் எல்லை 450 மெகா பாஸ்கல். தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண இரும்பு போல்ட்டுக்கு 640, 10.9க்கு 900. அதனால் பிளாஸ்டிக் மூடி, நம்பர் பிளேட், மட்கார்டு போன்ற இடங்களில் ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போடலாம், துருவும் ஏறாது. பிரேக் காலிப்பர், டிஸ்க், ஸ்பிராக்கெட், என்ஜின் மவுண்ட் ஆகியவற்றில் வேண்டாம். போல்ட்டும் நட்டும் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் என்றால் வேகமாக முடுக்கும்போது மரை ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகிவிடும், பிறகு ரம்பம்தான்.

டார்க் ரெஞ்ச்

ஒரே ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் போதாது. கால் அங்குலச் சதுரத்தில் 5 முதல் 25 நி.மீ. வரை ஒன்று, அரை அங்குலத்தில் 25 முதல் 125 வரை இன்னொன்று இருந்தால் வண்டி முழுவதும் அடங்கும். க்ளிக் வகை ரெஞ்ச் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத் தகுந்ததல்ல. 125 ரெஞ்சில் 10 வைத்து முடுக்குவது கண்ணை மூடிக்கொண்டு முடுக்குவதற்குச் சமம்.

பிடியைக் கையின் நடுவில் பிடித்து மெதுவாக இழுங்கள். க்ளிக் கேட்டதும் நிறுத்துங்கள். "இன்னொரு க்ளிக் கேட்டால் நிம்மதி" என்று மறுபடி இழுப்பது அளவைத் தாண்டி முடுக்குவதுதான். வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்கு இறக்கி வையுங்கள்.

அளவு எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய கையேடுகளில் கிலோ-மீட்டர் கணக்கு, அதில் 1 என்பது 9.8 நி.மீ. அமெரிக்க ரெஞ்சில் அடி-பவுண்டு, அதில் 1 என்பது 1.36 நி.மீ. கையேடு 28 நி.மீ. என்று சொல்லும்போது அடி-பவுண்டு கோட்டில் 28 வைத்தால் 38 நி.மீ. போய்விடும். ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள போல்ட்) அறுந்துவிடும், அல்லது கிராங்க் கேஸில் இருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

உங்கள் வண்டியின் கையேடுதான் முதல் வார்த்தை. தனி அளவு கொடுக்காத போல்ட்டுகளுக்குக் கையேட்டின் பொது அட்டவணை உண்டு. அதுவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யமஹாவின் பொது அட்டவணையில் 6 மில்லிக்கு 6 நி.மீ., 8 மில்லிக்கு 15, 10 மில்லிக்கு 30. கேடிஎம் சேஸிஸ் அட்டவணையில் அதே வரிசைக்கு 10, 25, 45. ஒருவர் தவறு, இன்னொருவர் சரி என்பதில்லை. போல்ட்டின் தரமும் மரை இருக்கும் உலோகமும் வேறு வேறு. நண்பரின் வண்டி அளவை உங்கள் வண்டிக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதற்காகவே இரண்டையும் இங்கே சொல்கிறோம்.

மரையைத் தயார் செய்வது

கழற்றும் முன்பே வண்டியைக் கழுவிக் காய வையுங்கள். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துத் தூசியும் சரி, சேர்வராயன் மலையின் செம்மண் சேறும் சரி, ஆலன் கீ இறங்கும் குழியில் கல்லாய் உறையும். குழியைச் சுரண்டி எடுக்காமல் கீயை வைத்தால் பாதி ஆழம்தான் இறங்கும், குழி வட்டமாகிவிடும்.

கழற்றியபின் போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துளைக்குள் பிரேக் கிளீனர் அடித்து காற்றால் ஊதுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாத இடம் அடி மூடிய துளை. அதில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது திரவம் போக வழியில்லாமல் துளையின் அடியை வெடிக்க வைக்கும். கிராங்க் கேஸ் அப்படி விரிசல் விட்டால் வெல்டிங் வைத்தாலும் பழையபடி வராது.

பெட்ரோலால் கழுவுகிறோம் என்பவர்களுக்கு ஒரு சொல்: கேனில் இருப்பது 2டி ஆயில் கலந்த பெட்ரோல். அதில் கழுவிய மரையில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் போட வேண்டிய இடத்துக்கு அது ஆகவே ஆகாது.

ஹெட்டும் பிளாக்கும்

வேலையின் மையம் இதுதான், இங்கே அவசரம் வேண்டாம். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு முழுவதும் நின்ற வண்டி என்றால் நல்லது. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடான என்ஜினில் ஸ்டட் ஏற்கெனவே இழுபட்டு நிற்கும். அந்த நிலையில் அளவு வைத்து முடுக்கினால் ஆறியதும் பிடிப்பு குறைந்துவிடும்.

முதலில் பிளாக்கின் (சிலிண்டரின்) அடி நட்டுகள். பழைய பேக்கிங்கைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதாக எடுங்கள். பிளேடு கீறிய கோடு வழியே காற்று போகும். ஸ்டட் கிராங்க் கேஸில் ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள், நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து வந்திருந்தால் அதை முதலில் சரியாக உட்கார வையுங்கள்.

அடி நட்டுக்குப் பல வண்டிகளில் சாக்கெட் நுழையாது, ஸ்பேனர் வடிவ நீட்டிப்பு மாட்டித்தான் முடுக்க வேண்டும். நீட்டிப்பு ரெஞ்சுக்கு நேர்க்கோட்டில் இருந்தால் நட்டில் விழும் விசை ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகம். கணக்கு எளிது: வேண்டிய அளவை ரெஞ்சின் நீளத்தால் பெருக்கி, ரெஞ்ச் நீளமும் நீட்டிப்பு நீளமும் சேர்ந்த தொகையால் வகுங்கள். 30 நி.மீ. வேண்டும், ரெஞ்ச் 250 மில்லி, நீட்டிப்பு 40 மில்லி என்றால் 30 × 250 ÷ 290, கிட்டத்தட்ட 26 வைக்க வேண்டும். கணக்கு போட மனமில்லாதவர்கள் நீட்டிப்பை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டலாம். அப்போது அளவு மாறாது.

பிறகு ஹெட், அதாவது சிலிண்டரின் மேல் மூடி. எல்லா நட்டையும் விரலால் ஓட்டி உட்கார வையுங்கள். கையேடு 28 என்றால் முதல் சுற்று 10, இரண்டாவது 20, மூன்றாவது 28. ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிர் நட்டாகப் போக வேண்டும். வட்டமாக ஒன்றன் பின் ஒன்றாகப் போனால் ஹெட் ஒரு பக்கம் முதலில் அமர்ந்து, எதிர்ப்பக்கம் மயிரிழை தூக்கி நிற்கும். கடைசியாக அதே 28இல் இன்னொரு முறை எல்லா நட்டையும் தொட்டு வாருங்கள். முதலில் முடுக்கிய நட்டு, மற்றவை இறங்கியதால் இப்போது சற்று நகர்வதைக் கையில் உணரலாம். சுற்றின் கடைசியில் ஒன்றும் நகரவில்லையென்றால் ஹெட் அமர்ந்துவிட்டது.

முடுக்கும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். நல்ல மரையில் எதிர்ப்பு சீராக ஏறிக்கொண்டே வரும். நடுவில் எதிர்ப்பு ஏறாமல் மெத்தென்று சுற்றிக்கொண்டே போனால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கழற்றுங்கள். ஸ்டட் நீள்கிறது, அல்லது மரை அலுமினியத்தைவிட்டு வெளியே வருகிறது. கழற்றிய போல்ட்டின் மரைக்குள் வெள்ளிக் கம்பி போல அலுமினியச் சுருள் சுற்றியிருந்தால் இரண்டாவதுதான்.

தண்ணீரில் குளிரும் என்ஜின்களில் நட்டுக்கடியில் செப்பு வாஷர் இருந்தால் புதியது போடுங்கள். ஸ்டட் வழியாக ஏறும் கூலன்ட் அங்கேதான் கசியும்.

முதல் முறை என்ஜினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்ட பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். நின்ற நட்டின் மேல் ரெஞ்சை வைத்து க்ளிக் கேட்பது சரிபார்ப்பாகாது, அசையத் தொடங்கும் உராய்வு எப்போதும் அதிகம். ஒரே ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி அளவுக்கு முடுக்கி, பிறகு எதிர் நட்டுக்குப் போங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கையால் கடைசி வரை ஓட்டுங்கள். 14 மில்லி, வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் அதற்குமேல் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே போட்டுக் கழற்றியதென்றால் பன்னிரண்டில் ஒரு பங்குதான், கடிகார முள் ஒரு மணி நகரும் அளவு.

காற்று உள்ளே போகும் வழிகள்

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப். அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் எண்ணெய் கசிவதோடு நிற்காது, கூடுதல் காற்று உள்ளே போகும். கலவை மெலியும், எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடாகிப் பிளாக்கைக் கவ்வும். பிளாக் அடி, ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்கள்), இன்டேக் ரப்பர் கிளாம்ப், கிராங்க் சீல் ஆகியவைதான் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்.

ரீட் பெட்டியைப் பிடிக்கும் 6 மில்லி போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். ரீட் இதழைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் மிதமான லாக்டைட் ஒரு துளி கட்டாயம். அது கழன்றால் விழும் இடம் என்ஜினின் வயிறு. இன்டேக் ரப்பர் கிளாம்பில் ரப்பர் பிதுங்கத் தொடங்கினால் போதும், அதற்கு மேல் முடுக்கினால் ரப்பர் வெட்டுப்படும்.

ஏற்காட்டில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. அதனால் சேலத்துக்கு வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை நிர்ணயிக்கும் துளை) மலையில் செழிப்பாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக ஓடும். சின்னக் காற்றுக் கசிவு இருந்தாலும் அந்தச் செழிப்பு மறைத்துவிடும், "மேலே நன்றாகத்தானே ஓடியது" என்று நினைப்போம். அடிவாரத்துக்கு வந்து கனமான காற்றில் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கசிவு தன் வேலையைக் காட்டும். மலையில் ஓட்டி வந்து, இங்கே ஐடில் ஏறி இறங்கினாலோ ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினாலோ, ஜெட்டைத் தொடும் முன் கசிவைத் தேடுங்கள்.

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம். பழைய பிபி கருவியின் பல்பும் மீட்டரும் போதும். பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளாக்கில் சைலன்சர் மாட்டும் வாயை ரப்பரால் அடைத்து, இன்டேக் வாயில் குழாய் செருகிய ரப்பர் அடைப்பு வையுங்கள். பிபி மீட்டர் 300 காட்டும் அளவுக்கு ஏற்றுங்கள், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6 பவுண்டு. அதற்கு மேல் போனால் கிராங்க் சீல் வெளியே வந்துவிடும். ஆறு நிமிடம் முள் பெரிதாக இறங்காமல் நின்றால் என்ஜின் இறுக்கம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வரும் இடம் தெரியும். அங்கே போல்ட்டை இன்னும் முடுக்கிக் கசிவை அடைக்கப் பார்க்காதீர்கள். அளவுக்கு முடுக்கியும் கசிகிறதென்றால் பேக்கிங் அல்லது பரப்பு கெட்டிருக்கிறது.

கவர், மேக்னெட், கிளட்ச்

பக்கக் கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட் குட்டைத் துளைக்குப் போனால் அடியில் முட்டி "டைட்" என்று காட்டும், கவர் தளர்வாகவே இருக்கும். முடுக்குவதற்கு முன் ஒரு சோதனை: எல்லா போல்ட்டையும் துளையில் செருகி, திருப்பாமல் விட்டால், கவரின் மேல் தலை நிற்கும் உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் அது இடம் மாறியது. பவர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயின் அளவை மாற்றும் பாகம்) மூடியின் 5 மில்லி ஸ்க்ரூக்கள் மிக மென்மையான மரையில் நிற்பவை. 5 நி.மீ. பக்கம் தான், அதற்கு டி-ஹேண்டில் எடுக்க வேண்டாம்.

மேக்னெட் (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) உட்காரும் கூம்பு இரண்டு பக்கமும் எண்ணெய் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். மேக்னெட்டைப் பிடிப்பது கூம்பின் உராய்வு, நடுவில் செருகிய சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு வெறும் டைமிங் காட்டி. கூம்பில் எண்ணெய் இருந்தால் அது வழுக்கிச் சாவியை வெட்டும், டைமிங் நகரும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். முடுக்கும்போது மேக்னெட்டைப் பிடிக்கும் கருவி வேண்டும். ஏர் கன்னால் முடுக்குவது இங்கே வேண்டாம்.

கிளட்ச் நட்டை முடுக்கப் பல்சக்கரங்களுக்கு நடுவே நாணயம் செருகுவது பழைய பழக்கம். பல் சில்லாகத் தெறிக்கும். செப்புத் தகட்டை மடித்து வைக்கலாம், கிளட்ச் பிடிக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. மடிப்பு வாஷரைப் புதிதாகப் போட்டு, நட்டின் தட்டையான பக்கத்தில் முழுதாக மடியுங்கள், மூலையில் அல்ல. சில என்ஜின்களின் பிரைமரி நட்டு இடது மரை, கழற்றும் முன் கையேட்டைப் பாருங்கள்.

பின்வீல், செயின், ஸ்போக்ஸ்

பின் அச்சு நட்டுக்கு யமஹா ஒய்இசட் வண்டியில் 125 நி.மீ., கேடிஎம் எஸ்எக்ஸில் 80. அரை மீட்டர் பிடியில் 125 என்பது 25 கிலோ இழுப்பு, பெரிய ரெஞ்ச் இல்லாமல் வராது.

இரு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் இருக்கும்படி செயின் தளர்வை வைத்த பிறகு, செயினுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு துணியைச் சுருட்டி வைத்து, வீலைப் பின்னோக்கி உருட்டுங்கள். துணி உள்ளே இழுபட்டு அச்சை அட்ஜஸ்டர் போல்ட்டோடு ஒட்ட வைக்கும். அப்படியே நட்டை முடுக்குங்கள். இதைச் செய்யாமல் முடுக்கினால் அச்சு சாய்ந்து நிற்கும். முடுக்கியதும் துணியை எடுத்துச் செயின் தளர்வை மறுபடி அளங்கள், பெரும்பாலும் இறுகியிருக்கும். கடைசியாக அட்ஜஸ்டர் லாக் நட்டு.

ஸ்பிராக்கெட்டில் போல்ட் தலையைக் கீயால் அசையாமல் பிடித்து, நட்டைத்தான் திருப்ப வேண்டும். போல்ட்டைத் திருப்பினால் சரிவான தலை தன் இருக்கையைத் தின்னும். புதிய ஸ்பிராக்கெட் முதல் அரைமணி ஓட்டத்திலேயே அமர்ந்து தளரும், அன்றே மறுபடி முடுக்குங்கள். அப்படியே ஓட்டினால் ஹப்பின் துளை நீள்வட்டமாகும், பிறகு ஹப்பையே மாற்ற வேண்டியதுதான்.

ஸ்போக் கம்பியை ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். "டிங்" என்றால் சரி, "டொக்" என்றால் தளர்வு. ஒரு கம்பியை மட்டும் முடுக்கி விடக் கூடாது, ரிம் கோட்டம் எடுக்கும். 36 கம்பி வீலில் வால்வுக்குப் பக்கத்தில் தொடங்கி 1, 4, 7, 10 என்று மூன்று மூன்றாகத் தாண்டிப் போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் 2, 5, 8, அடுத்து 3, 6, 9. ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

முன்பக்கமும் ஹேண்டிலும்

முன் அச்சை அளவுக்கு முடுக்குங்கள், அச்சை ஃபோர்க்கோடு கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் இன்னும் தளர்வாகவே இருக்கட்டும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். ஃபோர்க்கின் இரண்டு காலும் தமக்கு வசதியான இடைவெளியில் நின்ற பிறகு பிஞ்ச் போல்ட்டை முடுக்குங்கள். ஒன்றை முடுக்கினால் மற்றது தளரும், இரண்டும் நகராத வரை மாற்றி மாற்றிப் போக வேண்டும். இந்த வரிசை தவறினால் ஃபோர்க் குறுக்கே இழுபட்டு, சிறு கற்களில் கூட இறங்காமல் கையை உதறும்.

ஃபோர்க் குழாயைப் பிடிக்கும் கீழ் கிளாம்ப் போல்ட்டைக் கூடுதலாக முடுக்குவது அதைவிட மோசம். கிளாம்ப் குழாயை நசுக்கும், உள்ளே புஷ் உராயும். ஃபோர்க் ஆயில் மாற்றினாலும் ஸ்பிரிங் மாற்றினாலும் தீராத முரட்டுத்தனம் பல நேரம் இந்த இரண்டு போல்ட்டில் இருக்கும்.

லீவர் கிளாம்பை மட்டும் வேண்டுமென்றே தளர்வாக விடலாம். ஓட்டும்போது நகரக் கூடாது, விழும்போது சுழல வேண்டும். கையால் பலமாகத் தள்ளினால் நகரும் அளவு வைத்தால் லீவர் உடையாது. பிரேக் ஹோஸின் பாஞ்சோ போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புதிய வாஷர், காலிப்பர், டிஸ்க் போல்ட்டுகளுக்கு மிதமான லாக்டைட். பிரேக்கில் கைக்கணக்கு வேண்டாம்.

என்ஜின் மவுண்ட் போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் செருகி, கீழ்ப்பக்கத்தை முடுக்கி, ஹெட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் தட்டைக் கடைசியாக முடுக்குங்கள். தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். போல்ட்டால் இழுத்து மூடினால் சட்டம் விரிசல் விடும். சைலன்சர் பைப்பும் அப்படித்தான்: முதலில் வாயில் ஸ்பிரிங் மாட்டி, முன்னிருந்து பின்னாக முடுக்க வேண்டும்.

லாக்டைட்

243 நீல நிறம், மிதமானது, வண்டியில் பெரும்பாலான இடத்துக்கு இதுவே போதும். 270 என்ற மிகப் பலமான வகையைப் போட்டால் கழற்ற 250 டிகிரி பக்கம் சூடாக்க வேண்டும், அது சீலும் பெயின்ட்டும் தாங்காத சூடு. மரையைக் கிளீனரால் துடைத்து, நட்டு உட்காரும் இடத்தில் ஒரு துளி. அடி மூடிய துளை என்றால் துளையின் உள்ளே ஒரு துளி. முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் கொடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும், டேங்க் ஷ்ரவுட் பக்கம் எடுக்காதீர்கள். நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) கைவிரலில் கடைசி வரை ஓடினால் அதன் காலம் முடிந்தது, குப்பையில் போடுங்கள். சிலிண்டர், சைலன்சர் சூட்டில் அதன் நைலான் தாங்காது.

மரை போய்விட்டால்

எபாக்ஸி பசை வைத்து ஒட்டும் வேலை ஒரு வாரம் தாங்காது. ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட வேண்டும், லேத்துப் பட்டறையில் கொடுத்தும் செய்யலாம். 6 மில்லி மரைக்கு 6.3 மில்லி டிரில், பிறகு அந்தச் செட்டோடு வரும் தனி டேப். டிரில் முனையிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் அலுமினியத் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், என்ஜினுக்குள் விழாது. டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டுங்கள். சுருளை மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிறுத்தி, அடி நாக்கை உடைத்து வெளியே எடுங்கள். ஒழுங்காகப் போட்ட ஹெலிகாயில் பழைய அலுமினிய மரையைவிட உறுதி.

எப்போது பார்ப்பது

முடுக்கிய ஒவ்வொரு நட்டிலும் தலையிலிருந்து பாகம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஒரு நிமிடத்தில் வண்டியைச் சுற்றி வந்து கண்ணால் பார்த்துவிடலாம். ஸ்போக்ஸ், ஸ்பிராக்கெட், பின் அச்சு, கிக்கர், கியர் லீவர், சைலன்சர் மவுண்ட் ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகும், ஸ்விங் ஆர்ம், லிங்கேஜ், கோன் செட் (ஹேண்டில் சுழலும் பேரிங்) ஆகியவற்றைக் கழற்றிக் கிரீஸ் போடும்போதும் பார்த்தால் போதும்.

வண்டியைக் குட்டியானையில் ஏற்றி ஏற்காடு கொண்டுபோவதானால் ஒன்று: ஹேண்டிலில் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிய வண்டி இருபது கொண்டை ஊசி வளைவிலும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே வரும். பெல்ட்டைக் கீழ் கிளாம்பில் சுற்றிக் கட்டுங்கள். மேலே இறக்கியதும், ஸ்டார்ட் செய்யும் முன், ஹேண்டில் கிளாம்ப் நான்கு போல்ட்டின் கோடு உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.